செவ்வாய்க் காற்றைப் பூமியில் வரவழைப்பது எப்படி? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேற்றுக் கோள்களில் தரையிறங்கும் கலங்களின் வானிலைக் கருவிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, காற்றை அளக்கும் உணரிகளைப் பூமியில் வைத்து எவ்வாறு சோதிக்கிறார்கள் என்ற ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: செவ்வாயின் வளிமண்டல அழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று படித்திருக்கிறேன். திரைப்படங்களிலோ செவ்வாய்ப் புயல் ராக்கெட்டையே சாய்த்துவிடுகிறது. இவற்றில் எது சரி? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: நீங்கள் படித்ததே சரி. பூமியில் கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 1,013 மில்லிபார். செவ்வாயின் தரையில் அது சராசரியாக 6 மில்லிபார் அளவில்தான் இருக்கிறது. அந்த வளிமண்டலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. ஒரு கன மீட்டர் பூமிக் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம் என்றால், ஒரு கன மீட்டர் செவ்வாய்க் காற்றின் நிறை சுமார் 20 கிராம்.

வீசும் காற்று ஒரு பொருளின்மீது செலுத்தும் அழுத்தம், காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 1976இல் இறங்கிய இரு வைக்கிங் கலங்களும் செவ்வாயில் பல ஆண்டுகள் காற்றை அளந்தன. பெரும்பாலான நேரங்களில் வேகம் வினாடிக்கு 10 மீட்டருக்குள்தான் இருந்தது. புழுதிப் புயல்களின்போது 30 மீட்டரை நெருங்கியதே உச்சம். வினாடிக்கு 30 மீட்டர் என்பது மணிக்கு 108 கிலோமீட்டர். நம் கடற்கரையில் அது கூரைகளைப் பெயர்க்கும் புயல். செவ்வாயில் அதே வேகம் தரும் அழுத்தம் ஏறத்தாழ 9 பாஸ்கல் மட்டுமே (100 பாஸ்கல் ஒரு மில்லிபார்). பூமியில் மணிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மென்காற்று அதே அழுத்தத்தைத் தந்துவிடும். அங்கே நுண்புழுதி எழும், வானம் மங்கும், சூரியத் தகடுகள் மூடிப்போகும். ராக்கெட் சாய்வது கதையின் தேவை.

கேள்வி: வானிலை நிலையங்களில் மூன்று கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியைப் பார்க்கிறோம். எளியது, மலிவானது. அதில் ஒன்றையே செவ்வாய்க்கு அனுப்பினால் என்ன? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: வெள்ளிக் கோளுக்கு அனுப்பியே இருக்கிறார்கள், அதற்குப் பின்னால் வருவோம். செவ்வாயில் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வரும் காற்று, கிண்ணத்தின்மீது செலுத்தும் அழுத்தம் ஒரு பாஸ்கலில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய தள்ளலுக்குத் தாங்கியின் உராய்வை வென்று சுழல்வது கடினம். அதோடு இரவில் பூச்சியத்துக்குக் கீழ் 80, 90 பாகை வரை இறங்கும் குளிரும், எந்த இடுக்கிலும் நுழையும் புழுதியும் சேர்ந்தால், சுழலும் உறுப்புள்ள எந்தக் கருவியையும் அங்கே நீண்ட காலம் நம்ப இயலாது.

ஆகவே வைக்கிங் காலந்தொட்டு, 1997இல் இறங்கிய பாத்ஃபைண்டர், 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி, 2018இல் இறங்கிய இன்சைட், 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் வரை, பெரும்பாலும் வெப்பத்தை வைத்தே காற்றை அளந்திருக்கிறார்கள். சூடான பாலை ஊதி ஆற்றும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. ஒரு மெல்லிய உலோகப் படலத்தையோ சிலிக்கான் சில்லையோ மின்சாரத்தால் சூடாக்கி, சுற்றியுள்ள வாயுவைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதல் வெப்பநிலையில் நிறுத்தி வைக்கிறார்கள். காற்று வேகமாக வீசினால் அது அதிக வெப்பத்தை எடுத்துச் செல்லும்; வெப்பநிலை இறங்காமல் காக்க அதிக மின்திறன் தேவைப்படும். அந்த மின்திறனே அளவீடு. ஒரு கம்பத்தைச் சுற்றிப் பல சில்லுகளைப் பதித்துவிட்டால், எந்தப் பக்கத்துச் சில்லு அதிகம் குளிர்கிறது என்பதைக் கொண்டு திசையையும் கணிக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சூடான படலத்திலிருந்து வெப்பம் மூன்று வழிகளில் வெளியேறுகிறது: வாயு எடுத்துச் செல்வது, படலத்தைத் தாங்கும் பலகை வழியாகக் கசிவது, கதிர்வீச்சாக வெளியேறுவது. பூமியின் அடர்ந்த காற்றில் முதல் வழியே மற்ற இரண்டையும் மிஞ்சிவிடுவதால் அவற்றைச் சிறு திருத்தமாகக் கருதலாம். செவ்வாயில் வாயு எடுத்துச் செல்வது மிகச் சொற்பம் என்பதால், மற்ற இரண்டும் அதற்கு இணையாக வந்து நின்றுவிடுகின்றன. காலை வெயில் கம்பத்தின் ஒரு பக்கத்தைச் சூடாக்கினாலே, அந்தத் திசையில் காற்று குறைந்துவிட்டது போல உணரி காட்டக்கூடும்.

உணரி நமக்குத் தருவது இத்தனை மில்லிவாட் என்ற எண் மட்டுமே. அதை வினாடிக்கு இத்தனை மீட்டர், இந்தத் திசையிலிருந்து என்று மாற்றித் தருவது பூமியில் தயாரிக்கப்பட்ட அளவுத்திருத்த அட்டவணை. ஆகவே செவ்வாயின் காற்று வேகம் என்று நாம் படிக்கும் எந்த எண்ணும் பாதி செவ்வாயிலும் பாதி பூமியின் சோதனைக்கூடத்திலும் பிறந்ததே. சோதனைக்கூடத்துப் போலிச் செவ்வாயில் பிழை இருந்தால், அந்தப் பிழை கலத்தோடு சேர்ந்து பல கோடி கிலோமீட்டர் பயணம் செய்துவிடும். அங்கே போய்த் திருத்த ஆளில்லை.

கேள்வி: அந்தப் போலிச் செவ்வாயை எப்படி உருவாக்குகிறார்கள்? சாதாரணக் காற்றுச் சுரங்கத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் போதாதா? (பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: அழுத்தத்தைப் பொறுத்தவரை போதும், மற்றவற்றுக்குப் போதாது. இத்துறையில் பலரும் நாடும் இடம் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள செவ்வாய்ப் போலச்செய்தல் ஆய்வகம். அங்குள்ள பெரிய காற்றுச் சுரங்கம், 2 மீட்டருக்குச் சற்று அதிக விட்டமும் ஏறத்தாழ 10 மீட்டர் நீளமும் கொண்ட உருளை வடிவ வெற்றிடக் கலத்துக்குள் அடங்கியிருக்கிறது. முதலில் உள்ளிருக்கும் காற்றை எக்கிகளால் முற்றாக வெளியேற்றுகிறார்கள். பிறகு கார்பன் டை ஆக்சைடைச் சில மில்லிபார் அழுத்தம் வரை நிரப்புகிறார்கள். திரவ நைட்ரஜனைக் கொண்டு உட்புறத்தைக் குளிர்விக்கிறார்கள். அதன்பின் பெரிய விசிறிகள் அந்த வாயுவைக் கலத்துக்குள்ளேயே சுற்றிவரச் செய்கின்றன. செவ்வாய் அழுத்தத்தில் வினாடிக்கு 20 மீட்டர் அளவிலான காற்றை அங்கே உண்டாக்க முடியும்.

குளிர்விப்பதில் ஓர் எல்லை உண்டு. திரவ நைட்ரஜனின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை; ஆனால் 6 மில்லிபார் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு பூச்சியத்துக்குக் கீழ் 125 பாகையை ஒட்டியே உறைந்துவிடும். குளிர்விக்கும் தகடு அதற்கும் கீழே போனால், சோதனைக்காக நிரப்பிய வளிமண்டலமே வெண்பனியாகித் தகட்டில் படிந்து, அழுத்தம் சரிந்துவிடும். செவ்வாயின் துருவங்களில் குளிர்காலத்தில் நடப்பதும் இதுவே என்பதால், இதைக் கருவியின் குறை என்று சொல்வதா போலச்செய்தலின் வெற்றி என்று சொல்வதா என்பது அன்றைய சோதனையின் நோக்கத்தைப் பொறுத்தது.

வாயுவை ஏன் மாற்ற வேண்டும் என்ற உங்கள் கேள்வி முக்கியமானது. 6 மில்லிபார் அழுத்தத்துக்கு இறக்கிய சாதாரணக் காற்றில் சோதித்தால் இரண்டு பிழைகள் நேரும். அதே அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் காற்றைவிடக் கார்பன் டை ஆக்சைடு ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. மேலும், செவ்வாயின் குளிரில் கார்பன் டை ஆக்சைடின் வெப்பங்கடத்துதிறன், அறை வெப்பநிலையில் உள்ள காற்றின் கடத்துதிறனில் பாதிகூட இல்லை. உணரி அளப்பதே வெப்ப இழப்பை என்னும்போது, கடத்துதிறனில் இரு மடங்குக்கு மேல் பிழை விட்ட அட்டவணையைக் கணக்குப் போட்டுத் திருத்தலாம் என்று எண்ணுவது துணிச்சல். கோட்பாட்டளவில் திருத்தம் இயலும். ஆனால் செவ்வாயில் வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுமுன் கடக்கும் தூரமே சில மைக்ரோமீட்டர். பூமியில் அது ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மெல்லிய கம்பிகளின் தடிமனும் அதே சில மைக்ரோமீட்டர் அளவுக்கு வரும்போது, பாடப்புத்தகச் சமன்பாடுகள் தொடர்ச்சியான பாய்மத்துக்கு எழுதப்பட்டவை என்பது நினைவுக்கு வருகிறது. அங்கே நேரடிச் சோதனையே நம்பகமான வழி.

அடுத்த தடை பலருக்கும் தோன்றாதது. உணரியை அளவிட வேண்டுமானால், சுரங்கத்தில் உண்மையில் எவ்வளவு வேகத்தில் வாயு ஓடுகிறது என்பதை வேறொரு நம்பகமான கருவி சொல்ல வேண்டுமல்லவா? விமானங்களிலும் வழக்கமான காற்றுச் சுரங்கங்களிலும் பயன்படும், அழுத்த வேறுபாட்டைக் கொண்டு வேகத்தைச் சொல்லும் பிட்டோ குழாய் இங்கே உதவாது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்துக்கு அது காட்ட வேண்டிய அழுத்த வேறுபாடு கால் பாஸ்கல்தான். ஆகவே ஆர்ஹூஸில் லேசரைப் பயன்படுத்துகிறார்கள். வாயுவோடு மிதந்து செல்லும் நுண்துகள்கள் லேசர் கற்றைகள் சந்திக்கும் இடத்தைக் கடக்கும்போது சிதறும் ஒளியின் டாப்ளர் மாற்றத்திலிருந்து (நகரும் பொருளால் ஒளியின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம்) அவற்றின் வேகம் தெரியவருகிறது. துகள்கள் மிக நுண்ணியவையாக இருக்க வேண்டும், இல்லையெனில் அந்த மெல்லிய வாயுவின் போக்கோடு அவை ஒத்துப்போகாமல் பின்தங்கிவிடும். இன்னொரு வழியும் உண்டு: வாயுவை அசையாமல் வைத்துவிட்டு உணரியையே தெரிந்த வேகத்தில் நகர்த்துவது. குறைந்த வேகங்களுக்கு இது அருமையான முறை. ஆனால் கலத்தின் நீளம் முடிந்ததும் சோதனையும் முடிந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒவ்வொரு அழுத்தத்திலும், ஒவ்வொரு வெப்பநிலையிலும், ஒவ்வொரு வேகத்திலும் உணரியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, கிடைமட்டமாகவும் சாய்வாகவும் அளவெடுக்க வேண்டும். இந்தச் சலிப்பான வேலைதான் அட்டவணையின் உயிர். செவ்வாய்த் தரையில் ஓடவிருக்கும் ஊர்தி முழுவதும் இந்தச் சோதனைக்கலத்துக்குள் நுழையாது. கம்பமும் உணரியும் மட்டுமே நுழையும். ஊர்தியின் உடலும் தலைப்பகுதியும் காற்றை எப்படித் திசைதிருப்புகின்றன என்பதைக் கணினிப் பாய்மக் கணிப்புகளால் தனியே கண்டறிந்து சேர்க்கிறார்கள்.

மறுபுறம், கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், 4,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள, ஏறத்தாழ 30 மீட்டர் உயரக் கோபுரத்துக்குள் 13 மீட்டர் நீளமுள்ள செவ்வாய்க் காற்றுச் சுரங்கம் ஒன்று 1970களிலிருந்து இயங்கிவருகிறது. கோபுரம் முழுவதையும் செவ்வாய் அழுத்தத்துக்கு இறக்கிவிட்டு, வினாடிக்கு 100 மீட்டர் வேகம் வரை அங்கே போகலாம். மணல் எந்த வேகத்தில் நகரத் தொடங்குகிறது என்பதை ஆராய அது ஈடற்ற இடம். ஆனால் செவ்வாயின் குளிர் அங்கே கிடையாது. குளிர் வேண்டுமென்றால் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், வேகம் வேண்டுமென்றால் குளிரை விட்டுக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: அழுத்தம், வாயு, குளிர் எல்லாவற்றையும் உண்டாக்கலாம். ஈர்ப்பு விசையை எப்படிக் குறைப்பார்கள்? (பிளஸ் டூ மாணவர், ஈரோடு)

பதில்: குறைக்க முடியாது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் 38 விழுக்காடு என்றாலும், காற்றுச் சுரங்கத்துக்குள் அதை உண்டாக்க வழியில்லை. வெப்ப உணரிகளுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அந்த மெல்லிய வாயுவில், சூடான பொருளைச் சுற்றித் தானாக எழும் வெப்பச்சலனம் மிகவும் வலுவற்றது.

ஆனால் தொங்கும் கருவிகளுக்கு ஈர்ப்பே அளவுகோல். 2008 மே 25 அன்று செவ்வாயின் வடதுருவத்தை ஒட்டி இறங்கிய ஃபீனிக்ஸ் கலத்தில், ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தார் செய்த ஓர் எளிய காற்றுகாட்டி இருந்தது. கேப்டான் என்ற மெல்லிய நெகிழித் தாளால் ஆன சிறு உருளை, கெவ்லார் இழைகளில் தொங்கும். காற்று வீசினால் ஒரு பக்கமாகச் சாயும். கலத்தின் கேமரா அதையும், கீழே பொருத்திய கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தையும் சேர்த்துப் படம் எடுக்கும். சாய்வின் கோணம் வேகத்தையும், சாய்ந்த பக்கம் திசையையும் சொல்லும். சாய்வைத் தீர்மானிப்பது காற்றின் தள்ளலுக்கும் உருளையின் எடைக்கும் உள்ள விகிதம் என்பதால், பூமியில் அளந்த சாய்வைச் செவ்வாயின் எடைக்கு மாற்றிக் கணக்கிடலாம். இழைகளின் விறைப்பு மட்டும் எடையைப் போலக் குறையாது, அதைத் தனியே கழிக்க வேண்டும். பாத்ஃபைண்டர் தன் கம்பத்தில் மூன்று வெவ்வேறு உயரங்களில் தாங்கியிருந்த காற்றுத் திசைகாட்டிக் கூம்புகளும் இந்த வகைதான். மின்னணு ஏதுமில்லாத இத்தகைய கருவிகள்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு: வெயில் பட்டதால் வந்த பிழையா, உண்மையான காற்றா என்ற ஐயம் அவற்றில் எழுவதில்லை.

கேள்வி: இவ்வளவு சோதித்தும் கியூரியாசிட்டியின் காற்று உணரி இறங்கிய உடனேயே பழுதாகிவிட்டதே, சோதனை சரியில்லை என்றுதானே பொருள்? (வாசகர், மதுரை)

பதில்: கியூரியாசிட்டியின் கம்பத்தில் 120 பாகை இடைவெளியில் இரண்டு கைகள் நீண்டிருந்தன. ஊர்தியின் நிழலில் ஒன்று சிக்கினாலும் மற்றது தூய காற்றோட்டத்தில் இருக்கும் என்பது கணக்கு. தரையிறங்கும்போது ராக்கெட் பீச்சல் கிளப்பிய கற்கள் பட்டு ஒரு கையின் சில்லுகள் சேதமடைந்திருக்கலாம் என்பதே கருதப்படும் காரணம். அதன்பின், ஊர்தியின் பின்புறமிருந்து வந்த காற்றைச் சரியாக அளக்க இயலவில்லை. பெர்சிவியரன்ஸ் ஊர்தியிலும் இரண்டு காற்று உணரிகளில் ஒன்றைக் காற்றில் வந்த சிறு கற்கள் சேதப்படுத்தின. அது இறங்கிய ஜெசிரோ பள்ளத்தில் புழுதிச் சுழல்கள் அவ்வளவு அடிக்கடி கடந்து செல்கின்றன.

சோதனைக்கலத்தில் புழுதியையும் சோதிக்கிறார்கள். ஆர்ஹூஸில், டென்மார்க்கின் சால்டன் ஸ்கோவ் பகுதியில் கிடைக்கும் இரும்பு ஆக்சைடு நிறைந்த சிவந்த நுண்மண்ணைச் செவ்வாய்ப் புழுதிக்கு மாற்றாகத் தூவிப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மெல்லிய கம்பிகளால் இணைக்கப்பட்ட, திறந்து கிடக்கும் சில்லுகளின்மீது கல் விழுவது காற்றைப் பற்றிய சோதனையன்று. இயந்திர வலிமையைப் பற்றிய சோதனை. என் பார்வையில் இங்கே குறை சோதனையைவிட வடிவமைப்பில்தான் அதிகம். வெப்பத்தை விரைவாக உணர வேண்டும் என்பதற்காகச் சில்லை எவ்வளவு மெல்லியதாக்குகிறோமோ, அவ்வளவு எளிதில் அது உடையும். விரைவையும் உறுதியையும் ஒருங்கே பெற வெப்ப உணரிகளில் இதுவரை நல்ல வழி கிடைக்கவில்லை.

கேள்வி: நம் மங்கள்யான் செவ்வாயின் காற்றை அளந்ததா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்த மங்கள்யான் சுற்றுப்பாதையிலேயே இயங்கியது. தரையிறங்கும் பகுதி அதில் இல்லாததால் காற்று உணரியும் இல்லை.

கேள்வி: காற்றின் வேகம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? நிலநடுக்கக் கருவியோடு போன இன்சைட்டுக்கும் எதற்குக் காற்றுமானி? (வாசகர், புதுச்சேரி)

பதில்: உங்கள் இரண்டாம் கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இன்சைட்டின் நிலநடுக்கமானி மிக நுண்ணிய அதிர்வையும் உணரக்கூடியது என்பதால், காற்று கலத்தை அசைத்தால் அந்த அசைவு தரை வழியாக வந்து அதில் பதிவாகும். அதனாலேயே நிலநடுக்கமானியை ஒரு கவிகைக்குள் மூடிவைத்தார்கள். அப்படியும், காற்று அடங்கும் மாலை வேளைகளில்தான் பெரும்பாலான செவ்வாய் நடுக்கங்களைப் பிரித்தறிய முடிந்தது. பதிவான அதிர்வு நிலத்திலிருந்து வந்ததா, காற்றிலிருந்து வந்ததா என்று தீர்ப்பளிக்க, அருகிலேயே காற்றை அளக்கும் கருவி வேண்டியிருந்தது. அதன் அளவுத்திருத்தம் தவறினால் நில நடுக்கப் பட்டியலும் தவறிவிடும். புழுதி எவ்வளவு எழும், அடுத்து இறங்கும் கலத்தின் பாராசூட் எவ்வளவு நகர்த்தப்படும் என்பனவும் இந்த எண்களைச் சார்ந்தவையே.

2021இல் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் 7.6 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடக் கலத்துக்குள் பறக்கவிட்டுச் சோதித்தபோது, செவ்வாய்க் காற்றை உண்டாக்கக் கணினிகளுக்குள் இருக்கும் சிறு விசிறிகளை நூற்றுக்கணக்கில் சுவர்போல அடுக்கிப் பயன்படுத்தினார்கள். கோள் ஆய்வில் எல்லாமே கோடிக்கணக்கான செலவில் புதிதாகச் செய்யப்படுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: வெள்ளியின் தரையில் ஈயம்கூட உருகிவிடும் என்கிறார்கள். அங்கே காற்றை அளந்ததுண்டா? அதை எப்படிச் சோதிப்பது? (ஆசிரியை, யாழ்ப்பாணம்)

பதில்: அளந்ததுண்டு. 1975 அக்டோபர் 22 அன்று வெனரா 9, 25 அன்று வெனரா 10 என்று இரண்டு சோவியத் கலங்கள் வெள்ளியில் இறங்கின. இரண்டிலும் கிண்ணக் காற்றுமானிகள் இருந்தன. வெனரா 9 வினாடிக்கு 0.4 முதல் 0.7 மீட்டர் வரையும், வெனரா 10 வினாடிக்கு 0.8 முதல் 1.3 மீட்டர் வரையும் பதிவு செய்தன. மேகங்களின் உயரத்தில் வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் சுற்றும் வளிமண்டலம் தரையில் இவ்வளவு மெதுவாக நகர்வது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் அங்கே தரையில் ஒரு கன மீட்டர் வாயுவின் நிறை சுமார் 65 கிலோகிராம். வினாடிக்கு 1 மீட்டர் காற்று அங்கே கொடுக்கும் தள்ளல், பூமியில் மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று கொடுக்கும் தள்ளலுக்குச் சமம். செவ்வாயில் உதவாத கிண்ணங்கள் வெள்ளிக்குப் பொருந்தியது இதனால்தான். வெப்பப் படலமோ அங்கே தடுமாறும்: அவ்வளவு அடர்ந்த வாயுவில் சூடான படலமே தன்னைச் சுற்றி வலுவான வெப்பச்சலனத்தைக் கிளப்பிவிடும், அதிலிருந்து மென்மையான உண்மைக் காற்றைப் பிரித்தெடுப்பது கடினம்.

சோதனைக்கு வந்தால், 92 பார் அழுத்தம், ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ் வெப்பநிலை, வீசும் காற்று ஆகிய மூன்றையும் ஒரே கலத்தில் சேர்ப்பது பெரும் செலவு பிடிக்கும் வேலை. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் நாசாவின் கிளென் மையத்தில் உள்ள 800 லிட்டர் கலம், வெள்ளியின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வளிமண்டலத்தின் நுண்ணளவு வாயுக்களையும் வாரக்கணக்கில் நிலைநிறுத்தக்கூடியது. சிலிக்கான் கார்பைடு மின்னணுச் சில்லுகளை அதற்குள் 60 நாட்கள் இயக்கிப் பார்த்திருக்கிறார்கள். பொருள் தாங்குமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். காற்று எவ்வளவு என்ற கேள்விக்குச் சொல்லாது. 1980களில் ஏம்ஸ் மையத்தில் இயங்கிய வெள்ளிக் காற்றுச் சுரங்கம் வேறு வழியில் போனது. அறை வெப்பநிலையிலேயே கார்பன் டை ஆக்சைடை 30 பார் அளவுக்கு அழுத்தினால் வெள்ளியின் தரையில் உள்ள அடர்த்தி கிடைத்துவிடும். மணல் நகர்வை ஆராயவும், கிண்ணத்தின் சுழற்சியை அளவிடவும் அடர்த்தியே முக்கியம் என்பதால், சூட்டை விட்டுவிடலாம். எதைத் துறப்பது என்ற இந்தத் தேர்வில்தான் சோதனையாளரின் திறமை தெரிகிறது.

கேள்வி: டைட்டனுக்குப் போகவிருக்கும் டிராகன்ஃபிளைக்கும் இதே முறையா? (வாசகர், சேலம்)

பதில்: அடிப்படை அதேதான், எண்கள் வேறு. சனியின் துணைக்கோளான டைட்டனில் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பார், வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 179 பாகை, வாயு பெரும்பாலும் நைட்ரஜன், அடர்த்தி பூமிக் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல். 2005 ஜனவரி 14 அன்று அங்கே இறங்கிய ஹைகன்ஸ் ஆய்வுகலம், உயரத்தில் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டிய காற்றையும், தரையை ஒட்டி 1 மீட்டருக்கும் குறைந்த காற்றையும் உணர்த்தியது. சுழலிகளால் பறக்கும் கலமான டிராகன்ஃபிளை, 2028இல் ஏவுவதற்குத் திட்டமிடப்பட்டுள்ளது; 2034இல் அங்கே போய்ச் சேர வேண்டும்.

அதன் சுழலிகளைச் சோதிக்க நாசாவின் லாங்லி மையத்தில் உள்ள காற்றுச் சுரங்கத்தில் காற்றுக்குப் பதிலாக ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயுவை நிரப்பினார்கள். அறை வெப்பநிலையிலேயே அதன் அடர்த்தி டைட்டனுடையதற்கு அருகில் வருகிறது. ஏம்ஸின் பழைய வெள்ளிச் சுரங்கமும் பின்னர் டைட்டனுக்கென மாற்றியமைக்கப்பட்டு, 12.5 பாருக்கு அழுத்திய சாதாரணக் காற்றால் டைட்டன் மணலைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பயன்பட்டது. காற்று உணரிக்கு மட்டும் குளிரை விட்டுக்கொடுக்க இயலாது. அதோடு டிராகன்ஃபிளை புளூட்டோனியத்தின் வெப்பத்தால் இயங்கும் கலம் என்பதால், சுற்றிலும் உறைகுளிர் இருக்கையில் அதன் உடலிலிருந்தே வெதுவெதுப்பான வாயு மேலெழும். உணரியை உடலிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதே அங்கே பாதிக் கேள்வி.

கேள்வி: ஒலியால் காற்றை அளக்கும் கருவிகள் பூமியில் உண்டல்லவா? அவற்றில் உடைய ஒன்றுமில்லை, வெயிலாலும் பிழை வராது. செவ்வாய்க்கு ஏன் இன்னும் போகவில்லை? (வானிலைத் துறைப் பணியாளர், சென்னை)

பதில்: துறையறிந்தவரின் கேள்வி. இரண்டு மீயொலிக் கருவிகளை எதிரெதிரே வைத்து, ஒலி போகவும் வரவும் எடுக்கும் நேரங்களின் வேறுபாட்டை அளந்தால் இடைப்பட்ட காற்றின் வேகம் கிடைத்துவிடும். இரு நேரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெப்பநிலையும் கிடைக்கும். மூன்று திசைகளிலும் வைத்தால் மேலெழும் காற்றையும் அளக்கலாம். வெப்பப் படலங்களுக்கு இது கடினம். செவ்வாயில் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 240 மீட்டர் மட்டுமே என்பது இங்கே சாதகம். 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வினாடிக்கு 1 மீட்டர் காற்று உண்டாக்கும் நேர வேறுபாடு அங்கே ஏறத்தாழ 3.5 மைக்ரோவினாடி, பூமியில் அதில் பாதிதான்.

பாதகம் ஒலியின் வலிமையில் இருக்கிறது. அடர்த்தி குறைந்த வாயுவுக்குள் அதிர்வைச் செலுத்துவது கடினம். செவ்வாய்க் காற்றின் ஒலித்தடை (ஒலி அதிர்வுக்கு வாயு காட்டும் எதிர்ப்பு) பூமியுடையதில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு என்பதால், வழக்கமான பீங்கான் அதிர்விகளின் ஆற்றல் வாயுவுக்குள் இறங்காமல் தங்கிவிடுகிறது. இறங்கும் சிறிதளவையும் கார்பன் டை ஆக்சைடு விழுங்கிவிடுகிறது, ஏனெனில் அதன் மூலக்கூறுகள் ஒலியின் ஆற்றலைத் தம் உள்ளதிர்வுகளுக்கு எடுத்துக்கொள்கின்றன. இதே காரணத்தால்தான், செவ்வாயில் அதிக அதிர்வெண் ஒலி குறைந்த அதிர்வெண் ஒலியைவிட வினாடிக்கு 10 மீட்டர் அளவுக்கு வேகமாகச் செல்வதைப் பெர்சிவியரன்ஸின் ஒலிவாங்கி கண்டது. காற்றில் அளவிட்ட மீயொலிக் கருவியை அப்படியே செவ்வாய்க்கு அனுப்ப முடியாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

தகட்டுக்குப் பதிலாக மெல்லிய சவ்வு அதிரும் மின்தேக்கி வகை அதிர்விகளைக் கொண்டு, அமெரிக்காவின் டான் பேன்ஃபீல்டும் உடன் பணியாற்றுவோரும் செவ்வாய்க்கான மீயொலிக் காற்றுமானியைப் பல ஆண்டுகளாக உருவாக்கிவருகிறார்கள். அதன் மாதிரியைக் குறைந்த அழுத்தக் காற்றோட்டத்தில் சோதித்தும் இருக்கிறார்கள். வினாடிக்குப் பலமுறை அளக்கக்கூடிய இக்கருவிக்கு நிலையான காற்றில் எடுத்த அட்டவணை மட்டும் போதாது. அதிர்விகளின் உடலே ஒலியின் பாதையில் காற்றை மறைத்துச் சுழிகளை எழுப்பும் என்பதால், ஒவ்வொரு கோணத்திலும் அந்த மறைப்பு எவ்வளவு என்பதைச் செவ்வாய் அழுத்தத்திலேயே அளந்தாக வேண்டும். பூமியின் அழுத்தத்தில் எழும் சுழிகள் வேறு, செவ்வாயின் மெல்லிய வாயுவில் எழும் சுழிகள் வேறு. ஆகவே, உடையக்கூடிய சில்லு அதில் இல்லாவிட்டாலும், போலிச் செவ்வாய்க்குள் அது கழிக்க வேண்டிய காலம் குறையப்போவதில்லை.